குடிபூரும் வீட்டில் காசு கசியும் இடங்கள்

கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கும், தாய்தகப்பன் வீட்டை விட்டுத் தனி அடுப்பு மூட்டப்போகிற இளம் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறோம். வன்னியில் இந்த இரண்டும் பலருக்கு ஒரே நேரத்தில்தான் வருகிறது. வீட்டுத்திட்டக் காசில் சுவரும் கூரையும் எழும்பியிருக்கும், பூச்சு அரைவாசியில் நிற்கும், கையில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு குடிபோகவேண்டும். வீடு கட்டியதால் வந்த கடன் கண்ணுக்குத் தெரியும். குடிபோன முதல் மூன்று மாதத்தில் அந்தரப்பட்டு வாங்கிய சாமான்களால் வந்த கடன் தெரிவதில்லை. அதுதான் பிறகு கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: தண்ணீர், அடுப்பு, அரிசி, வெளிச்சம். இந்த நாலும் ஒழுங்கானால் வீடு ஓடும். கட்டில், அலுமாரி, சோபா, பிரிட்ஜ் எல்லாம் ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த வீட்டில் இருந்து பார்த்தபிறகு வாங்குங்கள். எந்த அறையில் ஒழுக்கு, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்த யன்னலால் சோளகம் அடிக்கிறது என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். ஈரம் ஏறும் சுவரோடு ஒட்டி வைத்த புது அலுமாரி இரண்டாவது மாரியில் பின்பலகை ஊதிப் பிரிந்துவிடும்.

எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றிலும் குடிபோகவேண்டாம். மழைக்குள் ஏற்றிய சாமான் நனையும், ஒழுங்கைக்குள் ரக்ரர் புதையும், நனைந்த விறகை வாங்கி எரிக்கவேண்டி வரும். தையும் மாசியும் காலபோக அறுவடை. அந்த நேரம் உழவு இயந்திரப் பெட்டியெல்லாம் நெல் ஏற்றுவதில் இருக்கும், கூலி ஏறும். அறுவடை முடிந்து வண்டிகள் சும்மா நிற்கத் தொடங்கும் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். அறுவடை நெல்லும் அப்போதுதான் கையில் இருக்கும்.

ஒரே ஊருக்குள் மாறுவதென்றால் லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி போதும். மல்லாவியிலிருந்து தருமபுரம் என்பதுபோல் தூரம் என்றால் பட்டா எனும் சிறு லொறி பிடிப்பது மலிவு. பாரமானதை முன்பக்கம், டிறைவர் இருக்கும் பக்கமாக அடுக்குங்கள். பின்னுக்குப் பாரம் கூடினால் ஒழுங்கைப் பள்ளத்தில் முன்சில்லு தூக்கும். பீங்கானைச் சுற்றப் பெட்டியும் கடதாசியும் வாங்கத் தேவையில்லை. சேலையும் பெட்சீற்றும் எப்படியும் ஏற்றத்தான் போகிறீர்கள், அவற்றால் சுற்றி அரிசிப் பானைக்குள்ளும் கடகத்துக்குள்ளும் இறக்குங்கள்.

பழைய கொட்டிலின் தகரம், தடி, கிடுகு எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விறகுக் கொட்டில், குளிக்கும் இடத்து மறைப்பு, கோழிக்கூடு மூன்றுக்கும் அதுவே போதும். ஆணி அடித்த ஓட்டையை உருக்கிய தாரில் தோய்த்த துணித்துண்டால் மேல்பக்கமாக ஒட்டினால் இரண்டு மாரி தாங்கும். கூரையில் மறுபடி ஏற்றும்போது பழைய ஓட்டையிலேயே ஆணியை விடாமல், தகரத்தின் மேட்டு வரியில் புதிதாக அடியுங்கள். பள்ளத்தில் அடித்த ஆணிதான் ஒழுகும்.

குடிபூரலுக்கு ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுவதில் பல குடும்பங்களின் முதல் இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசு போகிறது. நிறைகுடம் வைத்துப் பால் காய்ச்சி, நெருங்கிய உறவுக்கும் அயலுக்கும் பால்சோறும் வாழைப்பழமும் கொடுத்தால் போதும். யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். அண்டா, கிடாரம், கதிரை, தறப்பாள் எல்லாம் சங்கத்திலோ கோயிலிலோ இரவல் கேட்கலாம். வாடகைக்கு எடுக்குமுன் விசாரியுங்கள்.

அரைகுறை வீட்டில் எதை முதலில் முடிப்பது

கூரை, மலசலகூடம், வெளிக்கதவு, குசினி நிலம். இந்த நாலுக்குப் பிறகுதான் மற்றவை. உள்பூச்சும் பெயின்றும் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கலாம். மலசலகூடம் இல்லாமல் இருக்க முடியாது, அதன் குழி கிணற்றிலிருந்து ஆகக்குறைந்தது 50 அடி தள்ளி இருக்கவேண்டும். யன்னலுக்கு இப்போதைக்குக் கம்பியும் நுளம்பு வலையும் போதும்.

சீமெந்தை மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பது மிச்சம்போல் தெரியும். 50 கிலோ மூட்டை மாரிக் காற்றில் ஒரு மாதம் கிடந்தாலே ஓரம் கட்டிபடத் தொடங்கும். கையால் நசுக்கித் தூளாகாத கட்டி வந்துவிட்டால் அந்த மூட்டையைப் பூச்சுக்கும் நிலத்துக்கும் நம்பக்கூடாது. அந்தந்தக் கிழமை வேலைக்கு உரியதை மட்டும் எடுங்கள். பலகைக்கு மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தறப்பாளால் மூடி வையுங்கள்.

குசினி நிலத்தை முடிக்கும்போது காசு போவது பொறுமையின்மையால். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல் என்று போட்ட நிலத்தை அடுத்த நாள் காலையிலிருந்து ஈரச்சாக்கால் மூடி, ஒரு கிழமை காயவிடாமல் நனைக்கவேண்டும். பங்குனி வெயிலில் நனைக்காமல் விட்ட நிலம் மூன்றாம் நாளே மயிர்வெடிப்பு விடும், ஆறு மாதத்தில் தூசாகப் பறக்கும். பிறகு கொத்தி எடுத்து மறுபடி போடும்போது கூலி இரண்டு மடங்கு. நாள் பார்த்துவிட்டோம் என்று நிலம் இறுகமுன் சாமான் ஏற்றுவதை விட, நாளைத் தள்ளிவைப்பது நல்லது.

தண்ணீர்

கிணறு இருக்கும் வளவென்றால் ஆவணி, புரட்டாசியில் போய் எட்டிப்பாருங்கள். நீர் ஆக இறங்கி நிற்பது அப்போதுதான். கிணறு இறைத்துச் சேறு அள்ளவும் அந்த நேரமே செலவு குறைவு. இறைக்கும் மணித்தியாலம் சுருங்கும், எரிபொருளும் சுருங்கும். சேறு அள்ளியபிறகு பிளீச்சிங் பவுடர் போட, எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கிணற்றின் விட்டத்தையும் நீர் நிற்கும் ஆழத்தையும் அளந்துகொண்டு போனால் அவர் கணக்குப் பார்த்துச் சொல்வார். போட்டபிறகு ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறைத்துவிட்டுப் பாவியுங்கள்.

மோட்டர் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலத்தில் வைத்து இழுக்கும் சாதாரண மோட்டர் எதுவும், எத்தனை குதிரைவலு என்றாலும், நடைமுறையில் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்காது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தூக்கும். கோடையில் தண்ணீர் வரவில்லை என்று அரைக் குதிரைவலு மோட்டரை விற்று ஒரு குதிரைவலு வாங்குகிறவர் காசையும் இழந்து, மின்கட்டணத்தையும் ஏற்றிக்கொள்கிறார், தண்ணீரோ வராது. 25 அடி என்பதை மோட்டரிலிருந்து நீர்மட்டம் வரை அளக்கவேண்டும். நீர் அதற்குக் கீழே போகும் கிணறென்றால், கிணற்றுக்குள் தட்டுக் கட்டி மோட்டரை இறக்கவேண்டும், அல்லது நீரில் மூழ்கி ஓடும் மோட்டரை வாங்கவேண்டும். கிணற்றுக்குள் இறக்கிய மோட்டரை ஐப்பசி பிறக்கமுன் மேலே ஏற்ற மறக்கவேண்டாம். ஒரே இரவு மழையில் நீர் ஏறி மோட்டரை மூடிவிடும்.

மோட்டர் எரிவதற்கு ஒரு முக்கிய காரணம் இழுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ். நிறுத்தியபிறகு மோட்டரின் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்வரை நிரப்பிப் பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் வால்வின் ரப்பரில் மணலோ இலையோ சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் தேய்ந்திருக்கிறது. குழாயைத் தூக்கிக் கழுவுங்கள், தேய்ந்திருந்தால் ரப்பரை மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு சூடாகி ஓடும், சுருள் கருகும். வால்வ் கிணற்றின் அடியிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே தொங்கட்டும்.

மாரித் தண்ணீரைச் சும்மா விடவேண்டாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை 1000 லீற்றர், சிதறியது போக 800 லீற்றர் பிடிக்கலாம். முதல் மழையையும், பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிடத்தையும் வெளியே ஓடவிட்டு, பிறகு பீலியை பரலுக்குத் திருப்புங்கள். உடுப்புத் தோய்க்க அது கிணற்றுத் தண்ணீரை விட நல்லது. எங்கள் பக்கத்துக் கடினத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் கரைந்து போகிறது. பரலின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

அடுப்பு

கேஸ் மட்டும், அல்லது விறகு மட்டும் என்று நிற்கவேண்டாம். 12.5 கிலோ சிலிண்டரில் நான்கு பேரின் முழுச் சமையலும் நடந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம்தான். சோறு, பருப்பு, தண்ணீர் சுடவைத்தல் மூன்றையும் விறகுக்கு மாற்றி, காலைத் தேத்தண்ணியும் பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாடும் மட்டும் கேஸில் என்றால் அதே சிலிண்டர் மூன்று மாதம் இழுக்கும். மாறும் காலத்தில் கையில் காசு இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டருடன் தொடங்கலாம். றெகுலேற்றரையும் குழாயையும் மட்டும் பழையது வாங்காதீர்கள். பூட்டியபின் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், நெருப்புக்குச்சி பிடித்துப் பார்க்கவே கூடாது.

மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பங்கு பக்கத்தால் ஓடிவிடும். புற்றுமண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு சேர்த்து, இரண்டு நாள் ஊறவிட்டு மிதித்துப் பிசைந்த மண்ணால், பானையைச் சுற்றி வளைத்து அடுப்புக் கட்டுங்கள். பானைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் நெருப்பு பானையைத் தொடாமல் ஏறிப் போகும், அதைவிட நெருக்கினால் புகை வாயால் திரும்பும். நிழலில் ஒரு கிழமை காயவிட்டு, முதலில் சிறு நெருப்பு மட்டும் மூட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது பெருநெருப்பு மூட்டினால் வெடிக்கும்.

விறகுக்குக் காசு கொடுக்குமுன் வளவைப் பாருங்கள். பன்னாடையும் காவோலையும் நெருப்புப் பிடிக்கவைக்க, கங்குமட்டையும் தென்னம்பாளையும் கொதிக்கவைக்க, சிரட்டையும் ஊமலும் தணலாக நின்று சோற்றை இறுக்க. ஆவணி, புரட்டாசியில் பனை மரத்தடியில் விழுந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி, மணலான இடத்தில் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு வெட்டலாம். கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு எடுத்தபிறகு மிஞ்சும் ஊமலைக் காயவைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் எரிக்கலாம். ஒரு பாத்தியால் சாப்பாடும் விறகும் இரண்டும் கிடைக்கிற வேறு பயிர் எதுவும் எங்களிடம் இல்லை.

விறகு புரட்டாசிக்குள் கொட்டிலுக்குள் ஏறிவிடவேண்டும். நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் தடி போட்டு அடுக்குங்கள். கறையான் பிடிக்காது, பாம்பு அடைந்தாலும் தெரியும்.

அரிசி

குடும்பச் செலவில் ஒரே நாளில் அதிக காசை மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். அறுவடைக் காலத்தில் நெல்லாக வாங்குங்கள், கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்கவேண்டாம்.

நான்கு பேருக்கு மாதம் 30 கிலோ அரிசி என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு 180 கிலோ. 100 கிலோ காய்ந்த நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும், ஆகவே காய்ந்த நெல் 280 கிலோ தேவை. வயலில் இயந்திரம் வெட்டிக் கொட்டியவுடன் வாங்கும் நெல்லில் ஈரம் 20 வீதம் அளவில் இருக்கும். அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 100 கிலோ 93 கிலோவாக நிற்கும். அதனால் பச்சை நெல் என்றால் 300 கிலோ எடுங்கள். விலை பேசும்போதும் இந்த 7 கிலோவைக் கணக்கில் வையுங்கள். காய்ந்த நெல்லை விட பச்சை நெல் நூற்றுக்கு ஏழுக்கு மேல் மலிவாக இருந்தால்தான் லாபம், அதிலும் உங்களிடம் காயவைக்க இடமும் ஆளும் இருந்தால்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு நெல்லை முன்பல்லில் வைத்துக் கடியுங்கள். படக்கென்று முறிந்தால் காய்ந்தது. நசிந்து பல்லில் ஒட்டினால் ஈரம். மூட்டையின் மேல்வாயில் எடுத்ததை மட்டும் கடித்துப் பார்த்து நம்பவேண்டாம், கையை முழங்கைவரை உள்ளே விட்டு நடுவில் எடுங்கள். உள்ளே சூடாக இருந்தால் அந்த மூட்டை அவியத் தொடங்கிவிட்டது, எடுக்காதீர்கள்.

புழுங்கல் வீட்டிலேயே போடலாம். நெல்லைக் கழுவிச் சப்பியை மிதக்கவிட்டு அள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் 24 மணித்தியாலம் ஊறட்டும், இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சோற்றில் புளித்த மணம் வரும், அந்த மணம் எத்தனை முறை கழுவினாலும் போகாது. அண்டாவின் அடியில் கால்பங்கு தண்ணீர் விட்டு, நெல்லை நிரப்பி, ஈரச்சாக்கால் மூடி அவியுங்கள். ஆவி மேலே வந்து, மேல் நெல்லின் உமி வாய் பிளந்ததும் இறக்கவேண்டும். அதற்கு மேல் விட்டால் அரிசி பிதுங்கி மில்லில் நொறுங்கும்.

காயவைப்பதில்தான் அரிசி உடைகிறது. தறப்பாளில் ஒரு அங்குலத் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் கிண்டிவிடுங்கள். ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் உள்ளே வெடித்து, மில்லில் குறுணலாக வரும். முக்கால்வாசி காய்ந்ததும் குவித்து மூடி இரவு வையுங்கள், உள்ளீரம் வெளியே வரும். அடுத்தநாள் மிச்ச வெயிலைக் கொடுங்கள். குத்தும்போது தவிட்டையும் உமியையும் மில்லில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்குங்கள். தவிடு கோழிக்கு, உமி அடுப்புக்கும் நாற்றுமேடைக்கும்.

முழுவதையும் ஒரேயடியாகக் குத்தவேண்டாம். தவிடு ஒட்டிய அரிசி ஒன்றரை மாதத்தில் சிக்கு மணம் பிடிக்கும், வண்டும் விழும். நெல்லாகவே வைத்து மாதம் ஒரு மூட்டை குத்துங்கள். மூட்டையைப் பலகைக்கு மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்கி, நிழலில் உலர்த்திய வேப்பிலையை இடையிடையே போடுங்கள். எலி இருக்கும் வீடென்றால் மூடியுள்ள பரல். பலகையின் உயரத்தை அயலாரிடம் கேட்டு முடிவெடுங்கள்: 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியபோது உங்கள் வளவில் எவ்வளவு நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு முழம் மேலே இருக்கட்டும் நெல்.

கறித்தூளையும் இதே வேளையில் நான்கு மாதத்துக்கு இடித்து வையுங்கள். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், சின்னச்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்கவேண்டும், வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கைக்கும். மில்லில் அரைத்த சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள்.

60 அலகு

வீட்டுப் பாவனை மின்கட்டணத்தில் எல்லாரும் தெரிந்திருக்கவேண்டிய இடம் இந்த 60. மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் முதல் 30க்கும் அடுத்த 30க்கும் குறைந்த விலை. 61ஐத் தொட்டவுடன் கூடிய விலை அந்த ஒரு அலகுக்கு மட்டும் வருவதில்லை, முதல் 60 அலகுமே வேறு விலைப்பட்டியலுக்கு மாறும், நிலையான கட்டணமும் ஏறும். புது வீட்டுக்குப் போனவர்கள் முதல் பில்லைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

1000 வொட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அலகு. 9 வொட் எல்ஈடி நான்கு, தினம் 5 மணித்தியாலம்: மாதம் ஐந்தரை. 60 வொட் மின்விசிறி இரண்டு, 8 மணித்தியாலம்: 29. ரீவி 4 மணித்தியாலம்: 7. அரைக் குதிரைவலு மோட்டர் அரை மணி: ஏழரை. அயன், கிழமைக்கு ஒரு மணித்தியாலம்: 4. போன் சார்ஜ் ஒன்று. மொத்தம் 54. வரம்புக்குள் நிற்கிறீர்கள். இதற்கு மேல் ஒரு பிரிட்ஜ் வந்தால், சிறியதென்றாலும் நாளுக்கு ஒரு அலகு அளவில் எடுக்கும், மாதம் 30. மொத்தம் 84. பிரிட்ஜின் உண்மையான மாதச் செலவு அந்த 30 அலகின் விலை மட்டும் அல்ல, மற்ற 54 அலகும் கூடிய விலைக்கு மாறிய வித்தியாசமும் சேர்ந்தது. மீன் அன்றன்று வாங்கக்கூடிய, மரக்கறி வளவில் பறிக்கக்கூடிய வீட்டுக்கு முதல் வருடம் பிரிட்ஜ் தேவையா என்று இந்தக் கணக்கை வைத்து யோசியுங்கள். சிறுபிள்ளைக்கோ நோயாளிக்கோ குளிரில் வைக்கும் மருந்து இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, வாங்கத்தான் வேண்டும்.

பின்பற்ற எளிய வழி: நாளுக்கு இரண்டு அலகு, கிழமைக்கு 14. ஞாயிறு காலையில் மானியைப் பார்த்து, அதன் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுங்கள். 14 தாண்டிய கிழமையில் என்ன கூட ஓடியது என்று அப்போதே பிடிபடும். பில் வந்தபிறகு தேடினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

குடிபோன அன்றே இன்னொன்று செய்யுங்கள். வீட்டில் எல்லாச் சுவிச்சையும் நிறுத்தி, பிளக்குகளையும் கழற்றி, பிரதான சுவிச்சை மட்டும் போட்டபடி மானிக்கு முன்னால் நில்லுங்கள். அதன் சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பூச்சு காயாத சுவருக்குள் வயர் ஓடும் வீட்டில் இது வரும். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுக்க எந்த வயர்மனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். உயிர் காக்கிற சாமான் அது.

இணைப்பு இன்னும் எடுக்கவில்லை என்றால், மானியை வீதிப் பக்கச் சுவரில் வைக்கும்படி வயரிங்கைத் திட்டமிடுங்கள். தூண் தூரம் கூடினால் செலவு கூடும்.

வளவு

வேலிதான் முதல் பயிர். கட்டாக்காலி மாடு நுழைகிற வளவில் நட்டது எதுவும் மிஞ்சாது. ஐப்பசி முதல் மழையோடு கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியாலை அயலில் கேட்டு வெட்டி நடுங்கள், காசு தேவையில்லை. அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டவேண்டும், தோல் உரியக்கூடாது. இடையிடையே முருங்கைத் தடி.

சாப்பாட்டுக்கு வரும் கணக்கு இது. முளைக்கீரை 25 முதல் 30 நாள். வெண்டியும் பயிற்றையும் 50 நாள் அளவில். கத்தரி நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதம். பப்பாசிக்கும் மரவள்ளிக்கும் எட்டு மாதத்துக்கு மேல். ஆகவே குடிபோன கிழமையே கீரைப் பாத்தி, அடுத்த கிழமை வெண்டி, அந்த மாதத்துக்குள் மரவள்ளித் தடி. பாத்திரம் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுங்கள், சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு விடவேண்டாம்.

தவணை

கடைக்காரர் "மாதம் இவ்வளவுதான்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு லட்சம் ரூபா, 24 வீதம், 12 மாதம் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். வட்டி 24,000ஐ முழுத்தொகைக்கும் போட்டு, மாதம் 10,333 ரூபா என்று கட்டச் சொல்வார்கள். நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் போகிறது. குறையும் முதலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். அதனால் கையெழுத்து வைக்கமுன் "வட்டி குறைந்துபோகும் மீதிக்கா, முழுத்தொகைக்கா" என்று கேளுங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள், ஒரு தவணை பிந்தினால் என்ன அறவிடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிழமைக்கடன் வாங்கி வீட்டுச் சாமான் வாங்கவே வேண்டாம். அறுவடைக்கு அறுவடை காசு வரும் குடும்பத்துக்குக் கிழமைக்குக் கிழமை கட்டும் கடன் பொருந்தாது. முதல் கடனைக் கட்ட இரண்டாவது, அதைக் கட்ட மூன்றாவது என்று போய், நகையும் காணியும் போன பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். குழுவாகப் பிணை நிற்கும் கடனில் உங்கள் தவணை தவறினால் அயல் வீட்டுக்காரியின் கழுத்தில் ஏறும் என்பதையும் நினையுங்கள்.

அதற்குப் பதில் சீட்டு. அறிந்த பத்துப் பேர், மாதம் ஒரே தொகை, குலுக்கல் முறை. ஏலச்சீட்டில் தேவைப்பட்டவர் கழித்து எடுப்பதால் அதுவும் வட்டிதான். குலுக்கல் சீட்டில் போட்டது அப்படியே திரும்பும். பெயரும் எடுத்த மாதமும் ஒரு கொப்பியில், எல்லாரும் கையெழுத்து வைத்தபடி இருக்கவேண்டும்.

கடைசியாகக் கிராம சேவையாளரின் அலுவலகம். தனிக்குடும்பமாகப் பிரிந்ததையும் புது விலாசத்தையும் குடிபோன மாதமே பதியுங்கள். வெள்ள நிவாரணம், அஸ்வெசும எனும் அரச உதவிப்பணம், மின் இணைப்பு, முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது கேட்கும் வாக்காளர் இடாப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுதான் அடி. போகும்போது அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி ஆகியவற்றின் மூலப்பிரதியோடு இரண்டு போட்டோப்பிரதி எடுத்துப்போங்கள். ஒரு பிரதி குறைந்தாலும் இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.